லோகாம்பாளின் பல் செட்டு

திவசச் சமையல் செய்கிறவள் ருசி பார்க்கக் கூடாது. உப்பு சரியா, புளி ஏறிவிட்டதா என்று ஒரு சொட்டு நாக்கில் விட்டாலும் அது எச்சிலாகிவிடும். செத்துப்போன பெரியவர்களுக்குப் படைக்க ஆகாது. வாசனையை வைத்தும், கொதிக்கிற சத்தத்தை வைத்தும், கை அளவை வைத்தும்தான் சமைக்க வேண்டும். லோகாம்பாள் அப்படித்தான் கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், வீரவநல்லூர் என்று பாதி அக்ரகாரத்துக்குச் சமைத்துப் போட்டிருக்கிறாள். ருசியே பார்க்காதவளுக்குப் பல் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். முதலில் கேட்டது அவள் புருஷனேதான்.

"அறுபத்தேழு வயசுல பல்லு கட்டிண்டு எந்த ஊர்க் கல்யாணத்துல போய் முறுக்கு கடிக்கப் போறே?" என்றார் சங்கரசுப்பிரமணியன்.

"எந்தக் கல்யாணத்துக்கும் இல்லை. என் மூஞ்சிக்குக் கட்டிக்கறேன்."

பேச்சு அதோடு முடிந்தது. லோகாம்பாள் ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் அதற்குமேல் பேசுவதில் பிரயோஜனம் இல்லை என்று அவருக்கு நாற்பத்தைந்து வருஷமாகத் தெரியும்.

அவள் பிறந்தது விக்கிரமசிங்கபுரத்தில். பாபநாசத்து உலகம்மையை நினைத்துத்தான் லோகாம்பாள் என்று பெயர் வைத்தார்கள். அப்பாவுக்கு மில் கேண்டீனில் சமையல் வேலை. வாழ்க்கைப்பட்டது அதே மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு. புருஷன் ஓய்வு பெற்று, ஒரே பையன் சிவகணேஷ் கோயம்புத்தூரில் வேலைக்குப் போன பிறகு, சும்மா உட்கார்ந்து விட்டத்தைப் பார்க்கப் பிடிக்காமல் திவசச் சமையலுக்குப் போக ஆரம்பித்தாள். அக்ரகாரத்துப் பிள்ளைகள் எங்கெங்கோ இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்து, அப்பா அம்மாவுக்குத் திவசம் பண்ணிவிட்டு அடுத்த ரயிலைப் பிடிப்பார்கள். அவர்கள் எல்லாருக்கும் லோகா மாமிதான். வேறு ஆள் யாரும் அவர்கள் போனில் இல்லை.

சமையல் எத்தனை சுத்தமோ அவள் வாய் அத்தனை மோசம். சிவகணேஷ் வயிற்றில் இருந்தபோது பல் தேய்த்துத் துப்பினால் ரத்தம் வந்தது. "பிள்ளைத்தாச்சிக்கு அப்படித்தான் இருக்கும், பெத்துட்டா சரியாயிடும்" என்றாள் மாமியார். பெற்றாள், சரியாகவில்லை. நாளாவட்டத்தில் ரத்தம் வருவதே வழக்கமாகி, வராத நாளில்தான் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. உப்பும் கரியும் வைத்துத் தேய்த்தாள். கிராம்பை இடுக்கிக்கொண்டாள். ஐம்பது தாண்டியதும் சர்க்கரை வந்தது. ஈறு இறங்கி, பற்கள் வேர் தெரிய நீண்டு, மேல் வரிசை முன்பற்கள் நாக்கு பட்டாலே ஆடத் தொடங்கின. கீழ்ப்பல்லைப் பிடுங்கிக்கொள்ள அவளுக்குப் பயமில்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கியும் கொண்டாள். மேல்பல் சமாச்சாரம் வேறு. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று மாமியார் சொல்லி, அம்மா சொல்லி, தெருவே சொல்லி, அவளும் நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

அப்படிப் பிடித்து வைத்திருந்த மேல்பல் ஒன்று போன வருஷம் ஆடியில் சீழ் கோத்துக்கொண்டது. வலது கன்னம் பூரி மாதிரி உப்பி, காலையில் எழுந்தபோது வலக்கண் திறக்கவே இல்லை.

"பிடுங்காமலே கண்ணு போயிடுத்தேடி!" என்று அலறிய புருஷனையும் இழுத்துக்கொண்டு அவளே பஸ் ஏறி அம்பாசமுத்திரம் போனாள். மார்க்கெட் பக்கத்தில் ஒரு பல் டாக்டர் புதிதாக வந்திருப்பதாகச் சொன்னது பஸ் கண்டக்டர்.

டாக்டர் ஷம்ஸியா மேலப்பாளையத்துப் பெண். தலையில் முக்காட்டைச் சுற்றி, வாய்க்குக் கவசம் போட்டிருந்ததில் கண் மட்டும்தான் தெரிந்தது. லோகாம்பாளின் வாயைத் திறந்து பார்த்ததும் அந்தக் கண் சுருங்கியது.

"எத்தனை வருசமா மாமி இதைப் பொத்தி வச்சிருக்கீங்க?"

"பிடுங்கினா கண்ணு போயிடும்னு..."

"கண்ணு அங்கன இருக்கு, பல்லு இங்கன இருக்கு. புடுங்குனா கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. சீழை உள்ள வச்சுக்கிட்டு இருந்தாத்தான் அது மேல ஏறும். ஏறிருக்கா இல்லையா? சர்க்கரை எம்புட்டு இருக்கு?"

லோகாம்பாள் சொன்னாள். டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"மாத்திரை மட்டும் முழுங்கினா எப்படிக் கொறையும்? ஈறு பூரா புண்ணு. ஈறு கெட்டா சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினா ஈறு கெடும். ரெண்டும் சோடி போட்டுக்கிட்டுல்லா திரியுது."

"டாக்டர், எதுக்கும் ஒரு ரெண்டு நாள் யோசிச்சுட்டு..." என்று சங்கரசுப்பிரமணியன் இழுத்தார்.

"நீங்க வெளிய உக்காந்து பைய யோசிங்க சார். அதுக்குள்ள நான் உள்ள வேலையை முடிச்சிருதேன்."

அன்றைக்குச் சீழை வடித்தாள். வீக்கம் வடிந்ததும் ஆடிக்கொண்டிருந்த பற்களை வாரம் ஒன்றிரண்டாக எடுத்தாள். புரட்டாசியில் வாய் காலி. கண் இரண்டும் முன்னைப் போலவே தெரிந்தன. சர்க்கரையும் இறங்கியது. இத்தனை வருஷம் ஈறில் இருந்த தினவும் நாற்றமும் போய், வாய்க்குள் துடைத்துவிட்ட அடுக்களை மாதிரி ஒரு நிம்மதி.

ஊர் அவளைப் பார்க்கிற விதம்தான் மாறிப்போயிற்று. அது அவளுக்கு உறைத்தது ஐப்பசியில், கல்லிடைக்குறிச்சி சுந்தர்ராமன் வீட்டில்.

சுந்தர்ராமன் பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அக்கா ராஜலக்ஷ்மி, எண்பத்திரண்டு வயசு, புருஷன் போன பிறகு பிறந்த வீட்டுக்கே வந்து தனியாக இருக்கிறாள். தெருவுக்கே ராஜி அத்தை. வருஷா வருஷம் அப்பா திவசத்துக்குத் தம்பி வருவார், சமையல் லோகாம்பாள். அந்த வருஷம் பல் இல்லாத வாயோடு அவள் உள்ளே நுழைந்ததும் ராஜி அத்தை, "பாவம், லோகாவும் கிழவியாயிட்டா" என்றாள். அவளிடம் சொல்லவில்லை, தம்பியிடம் சொன்னாள். சுந்தர்ராமனின் மருமகள் அவளிடம் பேசும்போதெல்லாம் காது கேட்காதவளிடம் பேசுகிற மாதிரி கத்தினாள். ஒத்தாசைக்கு என்று இன்னொருத்தியை அழைத்து வந்து நிறுத்தியிருந்தார்கள். எல்லாம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது, அவள் சமைத்த வடையும் அதிரசமும் மற்றவர்கள் இலையில் விழ, அவள் இலையில் மட்டும் கூழாகப் பிசைந்த தயிர் சாதம் விழுந்தது. வேணுமா என்று யாரும் கேட்கவில்லை. அன்பாகத்தான் போட்டார்கள்.

அவள் அதைச் சாப்பிட்டு முடித்தாள். சாதத்தின் மேல் கோபம் காட்டுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. கோபத்தை பஸ்ஸில் விக்கிரமசிங்கபுரம் வரைக்கும் பத்திரமாகக் கொண்டுவந்தாள். மறுநாளே ஷம்ஸியாவிடம் போய், "எனக்குப் பல்லு கட்டணும்" என்றாள்.

ஈறு ஆறிக் கெட்டிப்படட்டும் என்று டாக்டர் காக்க வைத்தாள். தையில் பல் செட்டு வந்தது. சினிமாவில் வருகிற மாதிரி மாட்டினதும் சிரிப்பு வந்துவிடவில்லை. முதல் பத்து நாள் வாய் பூரா ரணம். கீழ்ச் செட்டு நாக்கோடு மல்யுத்தம் பண்ணிற்று. மூன்று தடவை டாக்டரிடம் போய், உறுத்துகிற இடத்தை அரத்தால் ராவிக்கொண்டு வந்தாள். பேச்சு வழுக்கியது, அதற்காக ஒவ்வொரு காலையும் செய்தித்தாளைத் தலைப்பிலிருந்து இரங்கல் விளம்பரம் வரை உரக்கப் படித்தாள். "ரேடியோவை அணைச்சுட்டேன், நீயே போதும்" என்றார் சங்கரசுப்பிரமணியன். சீடை, கடலை உருண்டை எல்லாம் இந்தப் பல்லால் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டாள். வடை, அப்பளம், நறுக்கின கொய்யாப்பழம் எல்லாம் ஆகும். ராத்திரி கழற்றி மூடி போட்ட டப்பாவில் தண்ணீரில் போட வேண்டும். கழுவும்போது கீழே ஒரு வாளித் தண்ணீர் இருக்க வேண்டும்; கை தவறினால் தரையில் விழுந்து உடையாது.

"பல்லுதான் போச்சேன்னு வாயை விட்டுராதீங்க. ஈறையும் நாக்கையும் தெனமும் துணி வச்சுத் தொடைக்கணும். ஆறு மாசத்துக்கு ஒருக்க எங்கிட்ட வந்து காட்டணும். புண்ணு எதுவும் ஆறாம நின்னா அன்னைக்கே வரணும். வருவீங்கல்லா?" என்றாள் ஷம்ஸியா.

"வராம?" என்றாள் லோகாம்பாள். நிலைக்கண்ணாடியில் பார்த்தாள். கன்னம் இருந்த இடத்தில் கன்னம் இருந்தது.

சித்திரையில் வீரவநல்லூரில் சமைத்தாள், ஆவணியில் அம்பாசமுத்திரத்தில். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாதிப் பேர் கவனிக்கவே இல்லை. சில்லறைக்குத் தகராறு செய்கிற கண்டக்டர்கூட இப்போது, "மாமி, எங்கன சமையலு?" என்று முகம் பார்த்துக் கேட்டார். அப்படியே மறுபடி ஐப்பசி வந்தது.

திவசத்தன்று முதல் பஸ்ஸில் கல்லிடைக்குறிச்சியில் இறங்கினாள். மழை விட்டிருந்தது, கன்னடியன் கால்வாய் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சமையலுக்கு முன்னால் தலையோடு குளித்து மடி கட்டிக்கொள்ள வேண்டும். சுந்தர்ராமன் வீட்டுக் கிணற்றடியில் முதல் வாளி இறைத்ததும் அவள் இன்னொரு காரியம் செய்தாள். தான் மட்டும் குளித்து, வாய்க்குள் இருப்பது குளிக்காமல் இருந்தால் எப்படி மடியாகும் என்று, பல் செட்டு இரண்டையும் கழற்றி, வாளிக்கு மேலே பிடித்துக்கொண்டு சோப்புப் போட்டுத் தேய்த்து, நாலு தரம் அலம்பி மாட்டிக்கொண்டாள். பிறகு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். மற்ற வீடுகளிலும் அப்படித்தான் செய்திருந்தாள். மற்ற வீடுகளில் கிணற்றடியைப் பார்த்துக்கொண்டு கொல்லை வாசலில் ராஜி அத்தை உட்கார்ந்திருக்கவில்லை.

அத்தை பார்த்துவிட்டு உள்ளே போனாள். முந்தின நாளே மருமகள் கை படாமல் கொம்பால் கொடியில் உலர்த்தி வைத்திருந்த ஒன்பது கஜப் புடவையை லோகாம்பாள் கட்டிக்கொண்டு, அடுப்பைப் பற்றவைத்து, திரட்டுப்பாலுக்குப் பாலை உருளியில் ஏற்றினாள். சுந்தர்ராமன் எட்டிப் பார்த்தார்.

"அட, மாமி! பல்லு கட்டிண்டாச்சா? பத்து வயசு குறைஞ்சுடுத்து போங்கோ. நானும் கட்டிண்டேன், பார்த்தேளா?" வாயை அகலத் திறந்து காட்டினார். "எலும்புல திருகி வச்சது. பெங்களூர்ல ஆறு மாசம் பண்ணினான். கரும்பு கடிக்கலாம்ங்கறான்."

"கடியுங்கோ, கடியுங்கோ," என்று சிரித்தாள் லோகாம்பாள். அவருக்குத் தோழமை கிடைத்த சந்தோஷம், அவளுக்கும்தான்.

அவர் நகர்ந்ததும் ராஜி அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களை வாசலுக்கு வந்தாள்.

"அது என்னடி வாய்க்குள்ளே?"

"பல்லு, அத்தை."

"கிணத்தடில கையில வச்சுண்டு அலம்பினயே, பார்த்தேன். வாயிலேர்ந்து எடுத்தது எச்சில். எச்சிலைத் தொட்டு, மறுபடி வாயிலேயே போட்டுண்டு, அதோட எங்கப்பா திவச அடுப்பண்ட நிக்கறதா?"

"அலம்பினப்புறம்தானே அத்தை குளிச்சேன்?"

"நீ தாமிரபரணியிலேயே குளிச்சாலும் எச்சில் எச்சில்தான். கழட்டி அந்த மாடத்துல வை. சமையல் முடிஞ்சு போறச்சே எடுத்துண்டு போ."

"என் மூக்குக் கண்ணாடியைக் கழட்டச் சொல்லலையே?"

"கண்ணாடி வாய்க்குள்ளயா இருக்கு? வாதாடாதேடி. யாரு கட்டினா இதை?"

"அம்பையில ஷம்ஸியா டாக்டர்."

"ம்ஹும்," என்றாள் அத்தை. "அதான் பார்த்தேன்."

லோகாம்பாள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"என்ன பார்த்தேள்? கண்ணு மூடிப் போய் நின்னப்போ என் வாயில கை விட்டுச் சீழை எடுத்தது அந்தப் பொண்ணு. அவ கையைப் பத்தி ஒரு வார்த்தை வந்தா இப்பவே பஸ் ஏறிடுவேன். எச்சிலைப் பத்திச் சொல்லுங்கோ, கேட்டுக்கறேன்."

சத்தம் கேட்டுச் சுந்தர்ராமன் ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் அக்காவைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"மாமி, ஒரு நாலு மணி நேரம்தானே. அக்கா மனசு சமாதானத்துக்கு..."

"நீங்க கழட்டறேளா?"

"என்னுது கழட்ட வராது மாமி. ஃபிக்ஸட்."

"ஓஹோ. எலும்புல திருகி வச்சா மடி, ஈறுல மாட்டி வச்சா எச்சில். பெங்களூர்ல கட்டிண்டா பல்லு, அம்பையில கட்டிண்டா அசிங்கம். நன்னா இருக்கு நியாயம்."

சுந்தர்ராமன் வாயை மூடிக்கொண்டார். கரும்பு கடிக்கிற பல் வெளியே தெரியாமல் இருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நாலு மணி நேரம் பெரிய விஷயமில்லை என்பது லோகாம்பாளுக்கே தெரியும். தினம் ராத்திரி கழற்றுகிறதுதானே. ஆனால் தானாகக் கழற்றுவது வேறு, கழற்று என்று ஒருத்தர் சொல்லிக் கழற்றுவது வேறு. கழற்றினால் கன்னம் உள்ளே போகும், வார்த்தை வழுக்கும். மருமகள் மறுபடி காதுக்கருகே வந்து கத்துவாள். இன்றைக்கு இங்கே கழற்றினால் நாளைக்கு வீரவநல்லூரில் கழற்றச் சொல்வார்கள்; அதற்கப்புறம் லோகா மாமி என்றாலே பல்லை மாடத்தில் வைத்துவிட்டு வருகிறவள் என்று ஆகிவிடும். கூழான தயிர் சாதம் தன் இலையை நோக்கி வருகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

அடுப்பை அணைத்தாள்.

"கழட்ட மாட்டேன். பல்லோட சமைக்கலாம்னா சமைக்கறேன். இல்லேன்னா வேற ஆளைப் பாருங்கோ," என்று சொல்லிவிட்டு, கொல்லைப் படியில் போய் உட்கார்ந்தாள்.

வேற ஆள் என்று கல்லிடைக்குறிச்சியில் அந்த நேரத்துக்கு யார் கிடைப்பார்கள்? சுந்தர்ராமன் நாலு இடத்துக்குப் போன் போட்டார். கடைசியில், திவசம் பண்ணிவைக்கிற வாத்தியார் வெங்கடசுப்பிரமணியன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கைலாகு கொடுக்காத குறையாக அவரைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போய் நியாயம் கேட்டார்கள்.

வாத்தியார் தாடையைத் தடவினார். "சாஸ்திரம் எழுதின காலத்துல பல் செட்டு கிடையாது. மடின்னும் சொல்லலை, இல்லேன்னும் சொல்லலை. பெரியவா ஒண்ணு சொல்றா. மாமி ஒண்ணு சொல்றா. நான் நடுவுல என்னத்தைச் சொல்ல? பன்னெண்டுக்குள்ள இலை போட்டுடணும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எனக்கு அம்பையில வேற ஒரு இடம் இருக்கு."

"யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். எங்கப்பாவுக்கு நான் சமைக்கறேன்," என்றாள் ராஜி அத்தை.

"அக்கா, உன்னால நிக்கவே முடியாது."

"நீ போய்க் குளிடா."

அத்தை உள்ளே போனாள். அடுப்புப் பற்றுகிற சத்தம் கேட்டது. லோகாம்பாள் படியிலிருந்து எழுந்திருக்கவில்லை. கிணற்றுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் அடுக்களையில் இருந்தது. பால் பொங்கி அடங்கிற்று. கரண்டி சுற்றுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு விட்டுவிட்டுக் கேட்டது, பிறகு நின்றது. முழங்கால் வலிக்கு அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று பார்க்காமலே தெரிந்தது. திரட்டுப்பாலைக் கிண்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த வாசனையும் வந்துவிட்டது, அடியில் பிடிக்கத் தொடங்கின பாலின் வாசனை.

இதற்குமேல் அவளால் உட்கார முடியவில்லை. உள்ளே போனபோது அத்தை இரண்டு கையிலும் துணியைச் சுற்றிக்கொண்டு உருளியைத் தானே இறக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். உருளி ஒரு பக்கம் சாய்ந்தது. லோகாம்பாள் மறுபக்கத்து வளையத்தைப் புடவைத் தலைப்பால் பிடித்தாள்.

"விடுங்கோ அத்தை, மேல கொட்டிக்கப் போறேள்."

"கழட்டினயோ?"

"இல்லை."

"அப்போ தொடாதே."

"தொட்டாச்சு."

இரண்டு பேரும் உருளியை விடவில்லை. இருவர் நடுவிலும் பால் கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தது.

"அடி பிடிக்கறது, அத்தை."

"பிடிக்கட்டும்."

"உங்கப்பாவுக்குத் தீஞ்ச திரட்டுப்பாலா படைக்கப் போறேள்?"

அத்தையின் வாய், பல் இல்லாத அந்த வாய், நாலு தரம் மூடித் திறந்தது. அவள் உருளியை விட்டாள்.

லோகாம்பாள் இறக்கினாள். அடியைச் சுரண்டாமல் மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றினாள். பாகற்காயை எடுத்து நறுக்கத் தொடங்கினாள். அத்தை முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்து, முடிகிற வரைக்கும் காவல் காத்தாள். மிளகு குழம்பு, ரசம், வாழைக்காய்க் கறி, எள்ளுருண்டை, வடை. லோகாம்பாள் நடுநடுவே வேண்டுமென்றே பேசினாள். இஞ்சி எங்கே, நெய் எங்கே என்று ஒவ்வொன்றையும் கேட்டாள். அத்தை கையால் காட்டினாள். பன்னிரண்டுக்கு முன்னாலேயே இலை விழுந்தது. வாத்தியார் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு அம்பைக்குப் பறந்தார்.

எல்லாரும் சாப்பிட்ட பிறகு கடைசியில் பெண்கள் உட்கார்ந்தார்கள். மருமகள் லோகாம்பாளிடம், "மாமி, உங்களுக்கு..." என்று தயிர் சாதக் கிண்ணத்தோடு வந்தாள். "வடை போடு," என்றாள் லோகாம்பாள். போட்டாள். லோகாம்பாள் அதை இரண்டாகப் பிய்த்து, பின்பல்லுக்குத் தள்ளி, நிதானமாக மென்றாள். மொறுமொறுப்பு பக்கத்து இலை வரைக்கும் கேட்டது. இனிப்பை ஒதுக்கிவிட்டாள், சர்க்கரை அவள் சொன்னபடி கேட்பதில்லை.

பக்கத்து இலையில் ராஜி அத்தை வடையை ரசத்தில் ஊறப்போட்டுக் கரைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, இலையைப் பார்த்தபடியே, "வலிக்குமோ?" என்றாள்.

"முதல்ல ரணமா இருந்தது. ராவிவிட்டா. இப்போ இல்லை."

"ம்."

ரசத்தை இரண்டு வாய் குடித்தாள்.

"அந்த ஆஸ்பத்திரி மாடியிலயா இருக்கு?"

"இல்லை அத்தை. கீழேதான். வாசல்ல நாலு படி. பிடிச்சுண்டு ஏறலாம்."

கை அலம்ப எழுந்தபோது அத்தை லோகாம்பாளின் தோளைத்தான் பிடித்துக்கொண்டாள்; கிணற்றடிக்குப் போய்ச் சேர்ந்ததும் விட்டுவிட்டுச் சொன்னாள்: "அடுத்த வருஷம் உன்னைக் கூப்பிட மாட்டேன். சுந்தரத்துக்கிட்ட சொல்லிட்டேன்."

"கூப்பிடாதேங்கோ," என்றாள் லோகாம்பாள். குரலில் சண்டையும் இல்லை, சமாதானமும் இல்லை. "உடம்பைப் பார்த்துக்கோங்கோ."

சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பதினைந்து வருஷ வீடு போயிற்று. போனது வருத்தமாகத்தான் இருந்தது. அந்த வீட்டு அடுப்பு, அந்தக் கிணற்றுத் தண்ணீர், உருளியின் கனம் எல்லாம் கைக்குப் பழகினது. செய்தி இந்நேரம் தனக்கு முன்னாலேயே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கும் என்றும் தெரியும். பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது போன் அடித்தது. புது நம்பர்.

"லோகா மாமியா? நான் திருநெல்வேலி டவுண்லேர்ந்து வித்யாலக்ஷ்மி பேசறேன். கீழ ரத வீதி. வர வெள்ளிக்கிழமை எங்க மாமனார் திவசத்துக்கு..."

செய்தி இத்தனை சீக்கிரமாகவா போய்விட்டது என்று நினைத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"முன்னாடியே சொல்லிடறேன்ம்மா. நான் பல்லோடதான் வருவேன். அடுப்பண்ட போறச்சே கழட்டச் சொன்னா கழட்ட மாட்டேன். சம்மதம்னா வரேன். இல்லேன்னா இப்பவே வேற யாரையாவது பார்த்துக்கோ. உனக்கும் அலைச்சல் இல்லை, எனக்கும் இல்லை."

"எந்தப் பல்லு மாமி?"

"என் பல்லு."

"அதுக்கென்ன மாமி? போட்டுண்டே வாங்கோ. எனக்கு ஒண்ணுமே தெரியாது, இப்பத்தான் முதல் தடவை பண்றோம். சேப்பங்கிழங்கு எத்தனை கிலோ வாங்கணும்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். லோகாம்பாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள்; அவர் மறுபடி ஆற்றைப் பார்க்கத் தொடங்கினார்.

"ஒரு கிலோ போதும். பெருசு பெருசா வாங்காதே, வேகாது. முளை விட்டதையும் வாங்காதே," என்றாள் அவள், பஸ் முழுக்கக் கேட்கிற குரலில், ஓர் எழுத்துகூட வழுக்காமல்.